தொலைந்துபோன ஐந்தாம் பாகம்

எங்கள் வாசிப்புக் குழு தொடங்கி நாலு வருஷம் முடிந்ததும் டீச்சர் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார். இதுவரை படித்த நாற்பத்தோரு புத்தகத்தில் ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்து வர வேண்டும். ஒன்றே ஒன்றுதான். ஏன் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும். அதிக ஓட்டு வாங்குவதுதான் ஜெயித்த புத்தகம்.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நான் சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, முதல் வருஷம் படித்த அந்தத் துப்பறியும் கதையா, அதற்குப் பிறகு படித்த கிணற்றுக் கதையா என்று மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "நரம்பு கெடைக்கலையாம்மா?" என்று அவர் கேட்ட பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

குழு தொடங்கியதும் ஓர் ஊசியால்தான். தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற ஒரு டீச்சர் தைராய்டு பார்க்க வந்தார். ஒரு கையை என்னிடம் நீட்டிவிட்டு இன்னொரு கையில் ஒரு நாவலைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஊசி போய் ரத்தம் ஏறிப் பஞ்சு வைத்து முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. இருபது வருஷமாக ஊசி குத்துகிறேன், இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. அப்படி என்ன கதை என்று கேட்டேன். சாயங்காலம் ரிசல்ட் வாங்க வந்தவர் அந்தப் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மூன்று நாளில் முடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் அது.

டீச்சருக்கு ஜாக்கெட் தைக்கிற முஸ்லிம் அக்கா, எங்கள் எல்லாருக்கும் லாத்தா, மூன்றாவதாகச் சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் அவருக்குத் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தறிக்கூடங்கள் ஓடாது, பேசினால் காதில் விழும். அதனால் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மத்தியானம் அங்கேயே கூடுவது என்று ஆனது. எதிரில் இருந்த பூ கமிஷன் கடை அண்ணாச்சி, பெண்கள் மட்டும் கூடி என்ன பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்க்க வந்து, உட்கார்ந்து, ஒரு கருத்தும் சொல்லி, நாலாவது ஆளாகிவிட்டார். ஐந்தாவது ஒரு கண்டக்டர் தம்பி. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போகிற பஸ்ஸில் வேலை. லாத்தாவிடம் யூனிஃபார்மில் கிழிந்த பையைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, அங்கே கிடந்த துப்பறியும் கதையில் முப்பது பக்கம் படித்துவிட்டார். பை தைத்து முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

அந்தத் துப்பறியும் கதையை மறக்கவே முடியாது. ஒரு டவுனில் நகைக்கடைக்காரர் செத்துக் கிடக்கிறார். ஏழு பேர் மேல் சந்தேகம். அறுபதாவது பக்கத்திலேயே கண்டக்டர் தம்பி குரூப்பில் எழுதிவிட்டார், கொலை செய்தது கணக்குப்பிள்ளைதான் என்று. நாங்கள் நம்பவில்லை. கூட்டத்துக்கு வந்து விளக்கினார். நாலு பத்து பஸ்ஸில் ஏறி ஐந்து மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்குப்பிள்ளை போலீஸில் சொல்கிறார். அந்த ரோட்டில் ஏழு ஸ்டாப், ஒரு ரயில்வே கேட், அன்றைக்குச் சந்தை வேறு. "அம்பது நிமிசத்துல எவனாலயும் போக முடியாது. எங்க பஸ் ஓட்டுத டிரைவர்ட்டயே கேட்டுட்டேன்" என்றார். கடைசி அத்தியாயத்தில் கொலையாளி கணக்குப்பிள்ளைதான். ஆனால் துப்பறிகிறவர் கண்டுபிடித்தது ஒரு செருப்புத் தடத்தை வைத்து. பஸ் நேரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதினவர் கணக்குத் தெரியாமல் போட்ட நேரம் அது. எழுத்தாளரின் தப்பிலிருந்து சரியான கொலைகாரனைப் பிடித்த ஒரே ஆள் உலகத்திலேயே எங்கள் கண்டக்டராகத்தான் இருக்கும்.

கிணற்றுக் கதை அண்ணாச்சியுடையது. அதாவது, அவர் அதைத் தனதாக்கிக்கொண்டார். ஒரே கிணற்றில் நாள் விட்டு நாள் தண்ணீர் பாய்ச்சுகிற இரண்டு சகோதரர்கள். பதினெட்டு வருஷமாகப் பேச்சில்லை. புத்தகம் படிக்கிற பழக்கமே இல்லாதவர் என்பதால் அண்ணாச்சி அப்போது தினம் பத்துப் பக்கம்தான் படிப்பார். படித்த பத்துப் பக்கத்தை மறுநாள் காலையில் மார்க்கெட்டில் ஏலம் தொடங்குமுன் மற்ற வியாபாரிகளுக்குச் சொல்லிவிடுவார். ஒரு வாரத்தில் மார்க்கெட் இரண்டாகப் பிரிந்தது. மல்லி, பிச்சி போடுகிறவர்கள் எல்லாம் அண்ணன் பக்கம். கேந்திப்பூ வியாபாரிகள் தம்பி பக்கம். ஒருநாள் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்து கடைக்குப் போகவில்லை. மோட்டார் ரூம் சாவியை அண்ணன் எங்கே ஒளித்தான் என்று கேட்டு ஐந்து பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்களாம். இதை அவர் எங்களிடம் சொன்னபோது முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், டீச்சரின் செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது பெயரில்லாத புத்தகம்தான்.

இரண்டாவது வருஷம் அது. திருநெல்வேலியில் ஒரு பழைய புத்தகக் கடையில் டீச்சர் அதைப் பொறுக்கி எடுத்தார். அட்டை இல்லை. முதல் நாலைந்து தாளும் இல்லை. எழுதினது யார், புத்தகத்தின் பெயர் என்ன, எதுவும் தெரியாது. நேராகக் கதை தொடங்குகிறது. மலை எஸ்டேட் ஒன்றின் ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் வேலைக்கு வருகிறாள். மழைக்காலத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் தனியாக வந்து சேர்கிறாள். பேர், ஊர் எதுவும் சொல்லாமல், பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டு இறந்துவிடுகிறாள். தேடி ஒருவரும் வரவில்லை. நர்ஸ் அந்தப் பெண் குழந்தையைத் தானே வளர்க்கிறாள்.

டீச்சர் முதல் பத்துப் பக்கத்தை லாத்தா கடையில் சத்தமாக வாசித்தார். முடித்ததும் ஐந்து பேரும் கை நீட்டினோம். இருப்பதோ ஒரு புத்தகம். பெயரே தெரியாததை வேறு எங்கே போய்த் தேடி வாங்குவது? ஐந்நூறு பக்கம், ஒருவர் படித்து முடித்து அடுத்தவருக்குக் கொடுத்தால் அந்த வருஷமே போய்விடும். லாத்தாதான் வழி சொன்னார். புத்தகத்தின் முதுகு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. கத்தரியை எடுத்து அதை ஆறாகப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் மெஷினில் வைத்து ஓரத்தில் தடிநூலால் ஒரு தையல் போட்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். தாள் நைந்துபோகாமல் இருக்க எங்கள் பரிசோதனை நிலையத்து ரிப்போர்ட் கவர் ஆறு எடுத்து வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாகத்தைப் போட்டு மேலே ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதினேன்.

வேகமாகப் படிப்பவர் கண்டக்டர் தம்பி என்பதால் அவர் முதலில். அடுத்து நான், பிறகு லாத்தா, அண்ணாச்சி. டீச்சர், தான் கண்டுபிடித்த புத்தகம் என்பதால் கடைசியாகப் படிப்பதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். ஒரு பாகத்துக்கு நாலு நாள். முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குக் கதை சொல்லக் கூடாது.

அந்த மாதம் நாங்கள் இருந்த இருப்பு! தம்பி காலை டிரிப்பில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடி வந்து கவரைத் தருவார். நான் முடித்ததை லாத்தா கடையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். குழந்தைக்கு மூன்று வயசு, ஆறு வயசு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பெயர் என்ன என்று கேட்கிறார்கள், நர்ஸ் ஒரு பொய் சொல்கிறாள். நாலாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். இறந்துபோனவளின் தங்கை. "என் அக்கா பிள்ளை எங்கே?" என்கிறாள். அதோடு பாகம் முடிகிறது.

ஐந்தாம் பாகத்துக்காக நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் காலை கண்டக்டர் தம்பி யூனிஃபார்மோடு வந்தார். கவர் கையில் இல்லை. நோயாளிகளோடு வரிசையில் நின்றார். காய்ச்சலோ என்று நினைத்தேன். அவர் முறை வந்தபோது மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, அஞ்சு போச்சு."

தபசுக் கூட்டம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. முந்தின நாள் சாயங்காலம் முன்சீட்டுக்கு மேலே கம்பித் தட்டில் கவரை வைத்துவிட்டு டிக்கெட் போடப் பின்னால் போயிருக்கிறார். திருநெல்வேலி போய்ப் பார்த்தால் தட்டு காலி. வழியில் முப்பது ஊர்க்காரர்கள் இறங்கியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே லாத்தா கடையில் அவசரக் கூட்டம். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தான் படித்துவிட்டதால் ஐந்தாம் பாகத்தின் கதையை வாயால் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அண்ணாச்சிக்கு அது சம்மதம்தான், அவரே அப்படிக் கதை சொல்கிறவர். டீச்சரும் வேறு வழியில்லை என்றார். லாத்தா ஒப்பவில்லை. தம்பி சொன்னால் அது தம்பியின் கதையாக இருக்கும், நர்ஸின் கதையாக இருக்காது என்றார். தம்பியிடமிருந்து ஆறாம் பாகத்தை வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஐந்து கிடைக்காமல் ஆறை யாரும் தொடக் கூடாது.

தம்பி ஒவ்வொரு டிரிப்பிலும், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கேட்டார். மற்ற பஸ் கண்டக்டர்களிடமும் சொல்லிவைத்தார். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு முடிவை யோசித்துச் சண்டை போட்டோம். தங்கை பொய்க்காரி என்றார் அண்ணாச்சி. சொத்துக்காக வந்திருப்பாள் என்றேன் நான். கதை தெரிந்த ஒரே ஆளான தம்பி கீழே கிடந்த துணித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் உதடு துடிப்பதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கலாமா என்று நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினோராவது நாள் காலையில் வேலை இடத்துப் போன் அடித்தது. ஒரு பெண் குரல், ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற இடமா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

"ஒங்க கவரு ஒண்ணு எங்கிட்ட இருக்கு தாயி. பஸ்ல கெடந்துச்சு. யாருக்கோ என்ன வியாதியோ, ரிசல்ட்டத் தொலைச்சிட்டு அலையுதாகளோன்னு எடுத்துட்டு வந்தேன். பிரிச்சுப் பாத்தா கதை."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மேலே ஐந்து என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன். போட்டிருக்கிறதாம். பனவடலிசத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் செம்மறி ஆடு வளர்க்கிறவர். தபசுக்கு வந்து, வேண்டுதலுக்காகச் சாமி சப்பரத்தின் மேல் பருத்தியை அள்ளி வீசிச் சூறை விட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். பதினோரு நாள் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார், கூப்பிட்டால் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே, முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இருந்தாராம். ஆடு மேய்க்கப் போகும்போது கொண்டுபோய் இரண்டு தடவை படித்துவிட்டார். பிறகு அவர் கேட்டதுதான் என்னை ஆட்டிவிட்டது.

"சொல்லு தாயி. அந்த நர்ஸு பிள்ளையக் குடுத்தாளா, இல்லையா?"

எனக்கும் தெரியாது என்றேன். முதல் நாலுதான் படித்திருக்கிறேன், ஐந்து உங்களிடம் இருக்கிறது, ஆறு பூட்டிக் கிடக்கிறது என்று முழுவதையும் சொன்னேன். மறுமுனையில் அவர் சிரித்தார். பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் தம்பியிடம் கொடுத்து அனுப்பச் சொன்னேன். சும்மா தர மாட்டேன் என்றுவிட்டார். முன்னால் உள்ள நாலையும் கொடுத்தால் ஐந்தைத் தருவாராம். மறுநாள் பனவடலிசத்திரம் ஸ்டாப்பில் அந்தக் கைமாற்றம் நடந்தது. தம்பி நாலு கவரை நீட்டினார். அந்த அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பக்க நம்பரைச் சரிபார்த்துவிட்டுத்தான் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தும் அவர் அவசரப்படவில்லை. ஒரு பஸ் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

ஐந்தாம் பாகத்தை நான் ஒரே மத்தியானத்தில் முடித்தேன். முழுக்க அந்த இரண்டு பெண்களும் பேசுவதுதான். ஆஸ்பத்திரித் திண்டில், சமையற்கட்டில், கல்லறைப் பக்கம். கத்தலும் இல்லை, அடிதடியும் இல்லை. தங்கை பொய்க்காரி இல்லை, சொத்தும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாகத் தேடியிருக்கிறாள். படிக்கப் படிக்க எனக்கு யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் போனது. லாத்தா டிராயரைத் திறந்தார். ஆறாம் பாகம் சுற்றுக்கு வந்தது. எல்லாரும் படித்து முடித்ததும் ஐந்தையும் ஆறையும் தம்பி பனவடலிசத்திரத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவையும் வரச் சொல்லியிருந்தோம். கடை வாசலில் வந்து நின்று, இதுதானா சங்கம் என்று கேட்டார். நாற்காலி, மேடை எல்லாம் இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. லாத்தா துணிக்கட்டைத் தள்ளி இடம் போட்டார். ஐம்பது வயசு இருக்கும். கையில் ஆறு கவரும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்.

புத்தகத்தின் முடிவு இதுதான். நர்ஸ் பிள்ளையைக் கொடுக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. தங்கை இருக்கிற ஊருக்கே வேலையை மாற்றிக்கொண்டு போய், பக்கத்துத் தெருவில் வீடு பிடிக்கிறாள். பிள்ளை இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறது. எனக்கும் டீச்சருக்கும் அது அழகான முடிவாகப் பட்டது. அண்ணாச்சி, எழுதினவர் தப்பித்துக்கொண்டார் என்றார். கிணற்றுக் கதையில் அண்ணன் ஒரு முடிவு எடுத்தான், இதில் எவரும் எடுக்கவில்லை என்றார். லாத்தா, பிள்ளையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று கேட்டார்.

அந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். நடுவிலிருந்து படித்ததால், அந்த நர்ஸ் பிள்ளையைத் திருடிக்கொண்டு வந்தவள் என்றே பத்து நாளும் நினைத்திருந்தாராம். ஆடு மேய்க்கிற இடத்தில் உட்கார்ந்து அவளைத் திட்டியிருக்கிறார். முதல் பாகம் கைக்கு வந்து, மழையில் அந்தக் கர்ப்பிணி வந்து சேர்கிற இடத்தைப் படித்ததும், கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லையே என்று இருந்ததாம். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தாயில்லாத குட்டியை வேறு ஆட்டிடம் ஊட்டவிடுவதைப் பற்றிச் சொன்னார். மூன்று நாள் அந்த ஆடு உதைக்குமாம். பிடித்துக் கட்டித்தான் ஊட்ட வேண்டும். ஒரு தடவை மோந்து ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு பிரித்தால் பெற்ற ஆட்டை விட அதிகமாகக் கத்துமாம்.

"முடிவு நல்லாத்தான் இருக்கு" என்றார். "அவ நர்ஸு. எந்த ஊருக்குப் போனாலும் வேலை கெடைக்கும். பக்கத்துத் தெருவுல வீடு பிடிச்சா. எங்களுக்கு அப்படி முடியுமா? நான் ஏழு வருசம் வளத்துக் குடுத்துட்டேன்."

அவர் வீட்டுக்காரரின் தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்ததும் உடம்பு முடியாமல் போனது. ஆறு மாசக் குழந்தையை இவர் தூக்கிவந்தார். இவருக்குப் பிள்ளை இல்லை. பையனுக்கு ஏழு வயசானபோது தங்கை தேறி வந்து கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது, கொடுத்துவிட்டார். பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்து துணி எடுத்துத் தருவான்.

"மொதல்ல அம்மான்னு கூப்பிட்டான். இப்ப அத்தைன்னு கூப்பிடுதான். அத்தைங்கதுதான் சரி. ஆனா அந்தக் கவரப் பிரிச்சு, ரெண்டு பேரும் பிள்ளைக்காகப் பேசுததப் படிச்சன்னைக்கு, நான் ஒரு வார்த்தையும் பேசாமக் குடுத்துட்டமேன்னு இருந்துச்சு."

லாத்தா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே, எழுதினவர் தப்பித்துக்கொண்டார் என்று தான் சொன்னதை இப்போது இன்னும் அழுத்தமாகச் சொல்வதாகச் சொன்னார். அதற்கு அந்த அக்கா, அப்படியானால் நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள் அண்ணாச்சி என்றார். அண்ணாச்சி சொன்னார். அவர் அது ஆகாது என்றார். டீச்சர் நடுவில் புகுந்தார். இரண்டரை மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்தபோது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் ஆறு பேர்.

இந்தக் கதையெல்லாம் மனசில் ஓடியபடிதான் போன ஞாயிறு நான் தேர்வுக் கூட்டத்துக்குப் போனேன். லாத்தா கடையில் சுண்டலும் டீயும் தயாராக இருந்தன. தம்பி எதிர்பார்த்தபடியே துப்பறியும் கதையைச் சொன்னார். மறுபடியும் பஸ் நேரத்தை விளக்கப் போனவரைத் தடுத்து நிறுத்தினோம். அண்ணாச்சி கிணற்றுக் கதை. மார்க்கெட்டில் இன்னமும் யாராவது தகராறு செய்தால் 'மோட்டார் ரூம் சாவியைக் குடுவே' என்றுதான் சொல்கிறார்களாம். டீச்சர், நாங்கள் ஐந்து பேரும் பாதியில் மூடிவைத்த ஒரு சிறுகதைத் தொகுப்பைச் சொல்லி, அதற்காகவே எங்களை ஒருமுறை முறைத்தார்.

லாத்தாவின் தேர்வை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. தனியாக ரயிலில் ஊர் ஊராகப் போன ஒரு பெண்ணின் பயணக் குறிப்புகள் அது. சின்னப் புத்தகம், எனக்குச் சப்பென்று இருந்தது. அதைப் படித்த மறுமாதம் லாத்தா கடையைப் பூட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காலை ரயிலில் செங்கோட்டை போய், அங்கிருந்து மலைப்பாதை ரயிலில் புனலூர் வரை போய், ஒரு ஹோட்டலில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கிறார். குகைக்குள் வண்டி போனபோது ஜன்னல் ஓரத்தில் வாய்விட்டுச் சிரித்தாராம். ஒரு வேலையும் இல்லாமல் ஓர் ஊருக்குப் போய்வந்தது நாற்பத்தாறு வயசில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு மூன்று தடவை போயிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருஷமாக இதை மறைத்து வைத்திருந்ததற்கு நாங்கள் அவரைச் சும்மா விடவில்லை. அடுத்த தடவை ஆறு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவானது.

என் முறை வந்தது. பெயரில்லாத புத்தகம் என்றேன். காரணம் சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒரு புத்தகத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது என் வாழ்க்கையில் அந்த மாதம்தான் என்று மட்டும் சொன்னேன்.

பனவடலி அக்கா கடைசி. அவரும் அதையேதான் சொல்வார், இரண்டு ஓட்டோடு அது ஜெயித்துவிடும் என்று நினைத்தேன்.

"எனக்கு அஞ்சாம் பாகம்" என்றார்.

முழுப் புத்தகத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். அக்கா ஒப்பவில்லை. முழுதும் நல்ல புத்தகம்தான், ஆனால் தனக்குப் பிடித்தது ஐந்து, ஆறைப் பிடிக்கவில்லை, பிடிக்காததற்கு எப்படி ஓட்டுப் போடுவது என்று கேட்டார். ஒரு பாகத்துக்கு விழுந்த ஓட்டை முழுப் புத்தகத்தின் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதம் வந்தது. அண்ணாச்சி கூடாது என்றார், சேர்த்தால் கிணற்றுக் கதை தோற்றுவிடும். தம்பி, டிக்கெட் பாதித் தூரத்துக்கு எடுத்தாலும் டிக்கெட்தானே என்றார். முடிவு எட்டவில்லை. அக்காவுக்குப் பஸ் நேரமாகிவிட்டது.

ஆறு பேரும் பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தோம். திருநெல்வேலி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அக்கா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். தோள்பையில் அடுத்த மாதத்துக்கான புத்தகம் இருந்தது. இந்தத் தடவை ஆறு பிரதி வாங்கியிருக்கிறோம். அண்ணாச்சி ஜன்னலுக்குக் கீழே நின்று, ஆறாம் பாகத்தில் நர்ஸ் அந்த ஊருக்குப் போயிருக்கவே கூடாது என்று இப்போது தானும் ஒத்துக்கொள்வதாகச் சொன்னார். பஸ் நகர்ந்தது. அக்கா தலையை வெளியே நீட்டி, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கையை ஆட்டி மறுத்துக்கொண்டே போனார்.